இரண்டாம் லைனில் நிற்கும் ஸ்பெஷல்

அந்தச் சின்ன ஸ்டேஷனில் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, சிக்னல் கொடிகளைத் துவைத்துக் காயப்போடும் அம்மாளை எல்லோரும் ஸ்பெஷல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளப் பட்டியலில் அது வரும். ஆனால் ரயில் ஓட்டும் இலாகாவைப் பொறுத்தவரை அவள் ஊழியர் இல்லை, பயணி இல்லை, பெண்பிள்ளைகூட இல்லை. அவள் ஒரு ரயில். நாற்பத்தேழு வருடங்களாக இரண்டாம் லைனில் நின்றுகொண்டு, இன்னும் புறப்படாமல் இருக்கும் ஸ்பெஷல் ரயில்.

கதை கட்டுவதாக நினைக்க வேண்டாம். கட்டுவதென்றால் இதைவிட நம்பும்படியாகக் கட்டத் தெரியும். இது பதிவேட்டில் இருக்கிறது, பத்து ஸ்டேஷன் மாஸ்டர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பைத்தியக்காரத்தனம் அவளிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. நீராவி என்ஜின் ஓடிய காலத்தில், அந்த இடத்துக்கு வரும்போது என்ஜினில் தண்ணீர் தீர்ந்துபோகும். அதனால் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு வீடு கட்டினார்கள். ஆளும் வீடும் இருக்கிறதே, சும்மாவா விடுவது என்று ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள். இத்தனையும் கட்டி முடித்துத் திறப்பு விழா வைத்த வருடம், தண்ணீரே குடிக்காத டீசல் என்ஜின் வந்து சேர்ந்தது. தொட்டி இன்றும் நிரம்பித்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று என்று நாளைக்கு இரண்டு பாசஞ்சர் வண்டிகள் நிற்கும். பிளாட்பாரம் இரண்டு பெட்டிகளுக்குத்தான் போதும். மற்ற பெட்டிகளில் இருப்பவர்கள் குதிக்க வேண்டும்.

அந்த ஸ்டேஷனில் அவளுடைய அப்பா பாயிண்ட்ஸ்மேன், அதாவது வண்டியை எந்த லைனில் விடுவது என்று தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிறவர். ஒரு நாள் நிறைமாத வயிற்றோடு அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவுக்கு, தூக்குச் சட்டியைக் கீழே வைப்பதற்குள் வலி எடுத்துவிட்டது. வெயிட்டிங் ரூமில் படுக்க வைத்தார்கள். வண்டிக்குக் காத்திருந்த காய்கறிக்காரி ஒருத்தி பிரசவம் பார்த்தாள். காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் குழந்தை அழுதது.

அப்போது இருந்த மாஸ்டர் விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். ஸ்டேஷனுக்குள் எது வந்து சேர்ந்தாலும் வந்த நிமிடத்திலேயே எழுதியாக வேண்டும் என்பது விதி. நடந்த சம்பவங்களை எழுதும் டைரி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி லீவில் போனவரின் சட்டைப்பையில் இருந்தது. மேஜையில் விரிந்து கிடந்தது ரயில்கள் வந்துபோகும் பதிவேடு மட்டும்தான். சரி, இப்போதைக்கு இதில் எழுதுவோம், நாளைக்கு டைரியில் மாற்றிக்கொள்வோம் என்று அடுத்த வரியில் எழுதினார். வண்டி: ஸ்பெஷல். வந்த நேரம்: 11.42. நிற்குமிடம்: இரண்டாம் லைன், ஏனென்றால் வெயிட்டிங் ரூம் அந்தப் பக்கம்தான் இருந்தது. புறப்பட்ட நேரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, ஒன்றும் எழுதாமல் விட்டார்.

அன்று சாயங்காலமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. பொறுப்பேற்க வந்த இரண்டாவது மாஸ்டர் பதிவேட்டைப் பார்த்தார், இரண்டாம் லைனில் ஒரு ஸ்பெஷல் நிற்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், இரண்டாம் லைனில் ஒரு ஈ காக்கை இல்லை. கண்ணை நம்புவதா, கையெழுத்தை நம்புவதா? உத்தியோகஸ்தர் அல்லவா, கையெழுத்தையே நம்பினார். இரண்டாம் லைனுக்கு வேறு வண்டி போய்விடாதபடி தண்டவாளத்தைக் கிளாம்ப் போட்டுப் பூட்டிவிட்டு, ‘ஒரு ஸ்பெஷல் உட்பட அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டார்.

விஷயம் என்ன என்று ஒரு வாரம் கழித்து அவருக்குப் புரிந்தது. நல்ல மனிதர்தான், தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். வண்டியின் எடை என்ன, என்ஜின் எது, தாமதத்துக்குக் காரணம் என்ன என்று மூன்று கேள்விகள் வந்தன. பொய் சொல்லத் தெரியாத அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி பதில் போட்டார்: எடை இரண்டே முக்கால் கிலோ, என்ஜின் இல்லை, தாமதத்துக்குக் காரணம், இன்னும் நடக்கப் பழகவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு வரி உத்தரவு வந்தது. ‘மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கவும்.’ மறு உத்தரவு போட வேண்டியவர் ரிட்டயர் ஆகி, மூக்குக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் பஸ்ஸில் போகலாம், சைக்கிளில் போகலாம், ரயிலில் மட்டும் ஏறக்கூடாது. ரயிலின் மேல் ரயில் ஏற விதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் ரயிலில் சுற்றுலா கூட்டிப்போன அன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் தனியாக நின்றாள். அம்மா மாஸ்டரிடம் சண்டைக்குப் போனாள்.

"என் பொண்ணு என்ன கூட்ஸ் வண்டியா?"

"இல்லம்மா, ஸ்பெஷல்," என்றார் மாஸ்டர், மரியாதையாகத்தான்.

வருடத்துக்கு ஒரு தடவை வண்டிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் சுத்தியலோடு வருவார். நிற்கிற வண்டியைச் சோதிக்காமல் போனால் அவர் வேலை போய்விடும். அவளை வெயிலில் நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ‘சக்கரங்கள் இல்லை; மற்றபடி நல்ல நிலை’ என்று எழுதுவார். அவளுக்கு வயது ஏற ஏற, ‘முழங்கால் பகுதியில் சத்தம்’ என்றும் சேர்த்துக்கொண்டார். அவளுக்கு இருபது வயதில் ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. ரயில் எப்படி ஊழியராக இருக்கலாம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆளை எடுப்பது வேறு இலாகா, இரண்டு இலாகாவும் பேசிக்கொள்வதில்லை.

கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அதே வருடம் ஒரு பெண் பிறந்தது. தையல்காரர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது பெண்ணுக்குப் பத்து வயது. தனி ஆளாக வளர்த்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த ஸ்டேஷன் இருக்கும் ஊரில், ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தாள். ரயிலில் பத்து நிமிஷம், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பஸ் போகும் பாலம் மகா தாழ்வு. நாலு நாள் விடாமல் பெய்தால் தண்ணீருக்குள் போய்விடும். ரயில் பாலம்தான் உயரம். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி உண்டு, இந்தப் பக்கம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அப்படி ஒரு மழையில், மகளுக்கு முதல் பிரசவ வலி எடுத்தது. அப்போது இருந்த ஒன்பதாவது மாஸ்டரிடம் போய் நின்றாள். "சார், ஒரே ஒரு தடவை, பாசஞ்சர்ல ஏறிக்கறேன் சார்." அவர் விதிப்புத்தகத்தைத் திறந்து அவளுக்குப் படித்துக் காட்டினார். அவளும் பெஞ்சில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பாசஞ்சர் வந்தது, போனது. மறுநாள் மத்தியானம் தண்ணீர் வடிந்து பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை வந்து, நாலு மணி நேரம் இருந்து, போய்விட்டிருந்தது. மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை. அன்றிலிருந்து மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். "சாப்ட்டியாம்மா? உடம்பு நல்லா இருக்கா? சரிம்மா, வெச்சுடறேன்." வாரத்துக்கு ஒரு போன், இந்த மூன்று வாக்கியம். தலைப்பின்னல் கோணலாக இருந்தாலே வீட்டை இரண்டாக்கும் பெண். அந்த மரியாதை ஸ்பெஷலின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. விதிப்புத்தகத்தைக் கேட்டுக்கொண்டு கை கட்டி உட்கார்ந்திருந்த தன்னையே அவள் மன்னிக்கவில்லை.

இதற்கிடையில் ஸ்டேஷனை மூடச் சொல்லி உத்தரவு வந்து நாலு வருடம் ஆகிவிட்டது. ‘ஸ்டேஷனில் நிற்கும் எல்லா ரயில்களும் புறப்பட்ட பிறகு மூடவும்’ என்று அதில் இருந்தது. எல்லா ரயில்களும் எங்கே புறப்பட்டன? இரண்டாம் லைனில்தான் ஒன்று நிற்கிறதே! உத்தரவு மேஜை டிராயரிலேயே தூங்கியது. ஊருக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஸ்பெஷலைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தும்மினால் மாத்திரை வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பையோடு நடந்தால், "எங்கக்கா, திரும்பி வந்துடுவீங்கல்ல?" என்று நாலு பேர் கேட்டார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காலை, ஒன்பது மணி. வானம் நாலு நாளாகக் கொட்டித் தீர்த்துவிட்டு அப்போதுதான் வெளுத்திருந்தது. ஸ்பெஷல் குழாயடியில் பச்சைக் கொடியைக் கும்மிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மகளின் பக்கத்து வீட்டுக்காரி.

"அம்மா, உங்க பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். மாப்பிள்ளை லாரியோட எங்கயோ வெள்ளத்துல மாட்டிக்கிட்டாராம்."

"இன்னும் இருபது நாள் இருக்குன்னு சொன்னாங்களே!"

"முன்னாடியே வந்துடுச்சும்மா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிட்டா. எனக்குத்தான் மனசு கேக்கல."

ஸ்பெஷல் கொடியைப் பிழிந்தாள். உதறினாள். கயிற்றில் காயப்போட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மாஸ்டர் அறைக்குள் போனாள்.

இப்போது இருப்பவர் பத்தாவது மாஸ்டர். சின்ன வயது, நல்ல சுபாவம், எதற்கும் பயப்படுகிறவர்.

"சார், லைன் கிளியர் வேணும்." அடுத்த ஸ்டேஷன்வரை பாதை காலி, வண்டியை விடலாம் என்ற அனுமதிக்குத்தான் அந்தப் பெயர்.

"யாருக்குக்கா?"

"எனக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பாசஞ்சர்ல ஏறணும்னா, அது... போன தடவையே உங்களுக்குச் சொல்லியிருப்பாங்களே. ஒரு ரயிலை இன்னொரு ரயில்ல ஏத்தினா—"

"ஏத்த வேணாம். நான் ரயில்னுதான சொல்றீங்க? ரயிலாவே போறேன். தண்டவாளத்து மேல நடந்து போறேன். ஏழு கிலோமீட்டர்."

"நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு இருக்கேக்கா!"

ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தேழு வருடமாக எத்தனையோ மாஸ்டர்கள் பதவி உயர்வுப் பரீட்சைக்காக விதிப்புத்தகத்தை உரக்கப் படித்திருக்கிறார்கள். அத்தனை தடவையும் அவள் அதே அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"என்ன காரணத்துக்காக ஒரு வண்டியை நிறுத்தி வெச்சாங்களோ அந்தக் காரணம் தீந்துட்டா, மாஸ்டரே அனுப்பலாம். இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"ஃபைலை எடுங்க. என்னை எதுக்கு நிறுத்தி வெச்சாங்க?"

மாஸ்டர் பழைய ஃபைலை எடுத்துத் தூசி தட்டிப் படித்தார். "தாமதத்துக்குக் காரணம்... இன்னும் நடக்கப் பழகவில்லை."

ஸ்பெஷல் கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தாள். ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் திரும்பி நடந்தாள். "பாத்தீங்களா? இப்ப நல்லா நடக்கறேன். முட்டிதான் கொஞ்சம் வலிக்குது."

மாஸ்டர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். அதற்குள் செய்தி எப்படித்தான் பரவியதோ, ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் கையில் வடிகட்டியோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

"அக்கா, நீங்க புறப்பட்டா அந்தக் கட்டத்துல நேரம் எழுதிடுவாங்க. ரெண்டாம் லைன் காலி. ஸ்டேஷனை மூடிடுவாங்க. எங்க பொழப்புல மண்ணு விழுந்துடும்க்கா. கொஞ்சம் யோசிங்க."

"நாற்பத்தேழு வருஷமா யோசிச்சேன்ணே."

"தண்ணி நாளைக்கு வடிஞ்சுடும். பஸ்ஸுல போயிடலாமே?"

ஸ்பெஷல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "போன தடவையும் நாளைக்குத்தான் போனேன்."

டீக்கடைக்காரர் வடிகட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அவரும் அந்தக் குழந்தையின் காரியத்துக்கு வந்திருந்தவர்தான்.

மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "ஒரு ஸ்பெஷல் அனுப்பறேன். லைன் கிளியர் கொடுங்க."

"என்ன லோடு?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"ஒரு துணிப்பை."

"என்ஜின்?"

"சொந்தமா நடக்கும்."

அந்தப் பக்கத்து மாஸ்டர் ரொம்ப மெதுவாக, "ஐயையோ, நாற்பத்தேழு வருஷமா நிக்கற அந்த ஸ்பெஷலா?" என்றார். அவருக்கும் தெரிந்திருந்தது. யாருக்குத்தான் தெரியாது! லைன் கிளியர் கொடுத்தார்.

பத்து பத்துக்குப் பாசஞ்சர் வர வேண்டும். அதை முதலில் விட்டுவிட்டால் என்ன என்று பாயிண்ட்ஸ்மேன் கேட்டார். முடியாது. ஸ்பெஷலுக்குத்தான் முன்னுரிமை, பாசஞ்சர் காத்திருக்க வேண்டும். அதுவும் விதிதான், அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஆனால் ரயில் என்றால் நினைத்த இடத்திலிருந்து கிளம்பிவிட முடியுமா? இரண்டாம் லைனில் நிற்பது இரண்டாம் லைனிலிருந்துதான் கிளம்ப வேண்டும். இடுப்பளவு புல்லை விலக்கிக்கொண்டு ஸ்பெஷல் அங்கே போய் நின்றாள். கிளாம்ப் துருப்பிடித்து இறுகியிருந்தது. பாயிண்ட்ஸ்மேன் எண்ணெய் ஊற்றி, ஸ்பேனரைப் போட்டு, தன் மாமனாரைத் திட்டும் வார்த்தைகளால் அதைத் திட்டித் தீர்த்தார். "சீக்கிரம்ணே, சீக்கிரம்," என்று ஸ்பெஷல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஒரு வழியாகத் தண்டவாளம் கிறீச்சென்று நகர்ந்தது.

ஒற்றை லைனில் போகிற எந்த வண்டியும் டோக்கன் இல்லாமல் போகக்கூடாது. தோல் பைக்குள் ஒரு இரும்பு உருண்டை, பையோடு ஒரு பெரிய பிரம்பு வளையம். மாஸ்டர் அதை அவள் தோளில் மாட்டினார். பாயிண்ட்ஸ்மேன் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் தொங்கவிடும் சிவப்புப் பலகையை எடுத்து வந்து, கயிறு போட்டு அவள் முதுகில் கட்டினார்.

"இது எதுக்குண்ணே?"

"இது இல்லாம போனீங்கன்னா, பாதி ரயிலை வழியில விட்டுட்டு வந்துட்டீங்கன்னு அந்த மாஸ்டர் சந்தேகப்படுவார்."

கைகாட்டிச் சிக்னல் இறங்கியது. மாஸ்டர் பிளாட்பார ஓரத்தில் நின்று, கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த பச்சைக் கொடியை ஈரத்தோடு எடுத்து ஆட்டினார். சொட்டிய தண்ணீரோடு அவர் கண்ணிலிருந்தும் இரண்டு சொட்டு விழுந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டு. உள்ளே போய், காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில் நேரத்தை எழுதினார்.

ஸ்பெஷல் நடந்தாள். மரக்கட்டைக்கு மரக்கட்டை தாவினால் முட்டி வலித்தது, இடையில் கால் வைத்தால் ஜல்லி குத்தியது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள். லெவல் கிராசிங்குக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும் என்ற பலகை இருந்தது. விதிப்படி போகிறவள் விதிப்படியே போய்விட வேண்டும் என்று, கையை வாயருகே குவித்து, "கூ..." என்று ஒரு சத்தம் கொடுத்தாள். கேட் கீப்பர் கேட்டைச் சாத்தினார். ஒரு டிராக்டரும் மூன்று பைக்கும் நின்று, முதுகில் சிவப்புப் பலகையோடு ஒரு அம்மாள் தண்டவாளத்தில் போவதைப் பார்த்தன.

"இதுக்கா கேட்டை மூடின?" என்றான் பைக்கில் இருந்த ஒருவன்.

"ஏன், ரயில் போகும்போது மூடாம பின்ன எப்ப மூடுவாங்க?" என்றார் கேட் கீப்பர்.

அப்போது ஸ்டேஷனில் பாசஞ்சர் வந்து நின்றிருந்தது. முன்னால் போன வண்டி எப்போது போய்ச் சேரும் என்று டிரைவர் கேட்க, "முட்டி வலி இருக்கு, ரெண்டு மணி நேரம் ஆகும்" என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு விற்ற மாதிரி டீ அந்தக் கடையில் என்றைக்கும் விற்றதில்லை.

ஆற்றுப் பாலம் வந்தது. கீழே தண்ணீர் சேற்று நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. பாலக் காவலர் கையை விரித்துக் குறுக்கே நின்றார். "ஆள் நடக்கக் கூடாது." ஸ்பெஷல் டோக்கனைக் காட்டினாள். காவலர் உருண்டையை உற்றுப் பார்த்தார், அவளை உற்றுப் பார்த்தார், மறுபடி உருண்டையைப் பார்த்தார்.

"பாலத்துல வேகக் கட்டுப்பாடு இருக்கு. பத்து கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது."

"நான் மூணுதான் போறேன்."

"அப்ப சரி," என்று விலகி நின்று பச்சைக் கொடி காட்டினார்.

பாலத்தின் நடுவில் அவளுக்குத் தலை சுற்றியது. கைப்பிடி கிடையாது. மரக்கட்டைகளுக்கு இடையில் தண்ணீர் தெரிந்தது. உட்கார்ந்துவிடலாமா என்று கால் கெஞ்சியது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பயத்தில் வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தாள், ஆனால் நிற்கவில்லை.

அடுத்த ஸ்டேஷனின் மாஸ்டர் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் தயாராக நின்றார். டோக்கனை வாங்கினார். பின்னால் சுற்றிப் போய்ப் பலகை இருக்கிறதா என்று பார்த்தார். பன்னிரண்டு பத்துக்கு ஸ்பெஷல் முழுசாக வந்து சேர்ந்தது என்று போனில் சொன்னார். அப்புறம் திடீரென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, நீங்க இங்கயே நின்னுடணும். மூணாம் லைன் காலியா இருக்கு. ஃபேன் போட்டுத் தரேன்."

"எதுக்கு சார்?"

"இந்த ஸ்டேஷனையும் மூடச் சொல்லி உத்தரவு வந்திருக்கும்மா. எல்லா ரயிலும் புறப்பட்ட பிறகு மூடணுமாம். ஒரு ரயில் நின்னா போதும். வயசான அம்மா அப்பா என்னோட இருக்காங்க, எங்கம்மா போவேன்?"

அவர் பிளாட்பார வாசலை மறித்துக்கொண்டு வேறு நின்றார். ஸ்பெஷலுக்கு வந்ததே கோபம். முதுகுப் பக்கம் கையை விட்டு முடிச்சை அவிழ்த்தாள். சிவப்புப் பலகையைக் கழற்றி அவர் நெஞ்சில் சாத்தினாள்.

"ரயில்னு உங்களுக்கு எதைப் பாத்துத் தெரிஞ்சுது? இதைப் பாத்துத்தான? இதை மூணாம் லைன்ல கொண்டுபோய் நிறுத்திக்கோங்க. மறு உத்தரவு வரைக்கும் நிக்கட்டும். வழி விடுங்க, என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா."

அவர் பலகையைக் குழந்தையைப் போல வாங்கிக்கொண்டு வழிவிட்டார்.

ஸ்டேஷன்கள் இரண்டும் என்ன ஆயின என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு விருப்பமில்லை. மூன்றாம் லைனில் ஒரு சிவப்புப் பலகை இன்றும் நிற்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்து அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவள் விட்டு வந்த ஸ்டேஷனை அன்று சாயங்காலமே மூடிவிட்டார்கள். பூட்டுப் போட்டு சீல் வைத்தாயிற்று. ஆனால் பாசஞ்சரை நிறுத்த வேண்டாம் என்று டிரைவருக்குச் சொல்ல வேண்டிய கடிதத்தை, மூடப்பட்ட ஸ்டேஷனின் மாஸ்டர் மூலமாக அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அது யாருக்கும் கிடைக்கவில்லை. வண்டி தினமும் இரண்டு வேளையும் நிற்கிறது. டீக்கடைக்காரர் நன்றாகவே இருக்கிறார்.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. ஸ்பெஷல் சேறும் கிரீஸுமாக, ஒரு செருப்பை ஆற்றில் விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே பிரசவ வார்டுக்குள் நுழைந்தாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி எழுந்து நின்று, "இன்னும் பொறக்கலம்மா," என்றாள். ஸ்பெஷலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வியர்வையில் நனைந்து படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். கண் ஒரு கணம் அகன்றது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஸ்பெஷலுக்குத் தெரியும்: சாப்ட்டியாம்மா, உடம்பு நல்லா இருக்கா. அதைக் கேட்கத் தயாராகத்தான் நின்றாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றாள் மகள்.

"கண்ணு, நீ சொல்ல வேணாம்னு..."

"சொல்ல வேணாம்னா வர வேணாம்னு அர்த்தமா? விடிஞ்சதுலேருந்து வாசலையே பாத்துட்டு இருக்கேன். இதென்ன சேலை, எங்க விழுந்து எழுந்து வந்த? செருப்பு எங்க? அறிவு இருக்கா உனக்கு? இந்த வயசுல, இந்த வெள்ளத்துல... கையைக் குடு!"

ஸ்பெஷல் இரண்டு கையையும் கொடுத்தாள். மகள் எலும்பு நொறுங்கும்படி இரண்டையும் பிடித்தாள். வலி வந்தபோது கத்தினாள், வலி விட்டபோது விட்ட இடத்திலிருந்து திட்டினாள். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று திட்டினாள். யாரோ ஒருத்தன் புத்தகத்தைப் படித்தானென்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா என்று திட்டினாள். இரண்டு வருடமாகப் பேசாமல் வைத்திருந்த அத்தனையையும் அன்று கொட்டினாள். நர்ஸ் வந்து, "கொஞ்சம் சும்மா இரும்மா, அவங்க பாவம்," என்றாள்.

"நீங்க போங்க சிஸ்டர்," என்றாள் ஸ்பெஷல், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல். "அவ திட்டட்டும்."

குழந்தை பிறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.